நெருப்புக்கு அடங்காத நஞ்சு: சூரை மீனும் ஹிஸ்டமினும்

2022ஆம் ஆண்டு நோன்பு காலத்தை எங்கட நாட்டில் யாரும் இலேசில் மறக்க மாட்டார்கள். பெற்றோலுக்கு வரிசை, கேஸுக்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. மார்ச் 31ஆந் திகதி மட்டும் 13 மணித்தியால மின்வெட்டு. அதற்குச் சில நாட்களில் நோன்பு பிடித்தது. அந்த முதல் வாரத்தில் ஒருநாள் மஃரிபுக்குப் பிறகு எங்கள் வீட்டில் நடந்த சம்பவம்தான் என்னை இந்தக் கட்டுரையை எழுத வைத்தது.

நோன்பு திறக்க உம்மா கஞ்சி காய்ச்சி, மீன் கட்லட்டும் செய்திருந்தார். சூரை மீனை உப்பும் மஞ்சளும் போட்டு அவித்து, முள் நீக்கி, உருளைக்கிழங்கோடு பிசைந்து உருட்டி, ரஸ்க் தூளில் புரட்டி, கொதிக்கிற எண்ணெயில் பொரித்த கட்லட். கேஸ் இல்லாததால் எல்லாம் விறகடுப்பில். என் இளைய மகள் நான்கு சாப்பிட்டாள். நான் மூன்று. தொழுதுவிட்டு வந்து பார்த்தால் மகளின் முகம் செக்கச்செவேலென்று இருக்கிறது. "வாப்பா, தலை இடிக்குது" என்றாள். கழுத்தும் நெஞ்சும் வெந்நீர் பட்டதுபோலச் சிவந்து, தடிப்புத் தடிப்பாக எழும்பியிருந்தன. எனக்கும் முகம் எரிந்தது, நெஞ்சு படபடத்தது. பக்கத்து வீட்டு மச்சானின் ஓட்டோவில் வைத்தியசாலைக்கு ஓடினோம்.

இரவுக் கடமையில் இருந்த இளம் வைத்தியர் முதலில் கேட்டது, "என்ன சாப்பிட்டீங்க சேர்?" அடுத்தது, "என்ன மீன்?" மூன்றாவது, "எத்தனை பேருக்கு இப்படி?" ஊசி போட்டார். கொஞ்ச நேரத்தில் சிவப்பு இறங்கத் தொடங்கியது. போகும்போது சொன்னார்: "இது அலர்ஜி இல்ல சேர். மீனில இருந்த ஹிஸ்டமின். பிள்ளைக்கு மீன் ஒத்துக்கொள்ளாது எண்டு இனி நிப்பாட்டிப் போடாதீங்க."

வீட்டுக்கு வந்து இதைச் சொன்னதும் உம்மாவின் முகம் விழுந்துவிட்டது. "நான் நல்லாத்தானே மகன் பொரிச்சன். அவிச்சுப்போட்டுத்தானே பொரிச்சன்" என்றார். மறுநாள் பார்க்க வந்த மாமிமார், "கொஞ்சம் கூட வேக வெச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். உம்மா ஒன்றும் பேசவில்லை. அந்த நோன்பு முடியும்வரை அவர் மீனைத் தொடவும் இல்லை.

நான் தமிழ் படித்தவன். விஞ்ஞானத்தைச் சாதாரண தரத்தோடு விட்டவன். ஆனாலும் உம்மாவின் அந்த ஒரு வசனம் என்னை விடவில்லை. இரண்டு தடவை நெருப்பைக் கண்ட மீனில் நஞ்சு எப்படி மிஞ்சும்? பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கும் நண்பரைப் பிடித்து, அவர் தந்தவற்றையும் நானே தேடியவற்றையும் படித்தேன். விளங்கிக்கொண்டதை இங்கே எழுதுகிறேன்.

நெருப்பு கொல்லும் எதிரி

உம்மாவின் நம்பிக்கைக்கு நியாயம் இருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட வேண்டும். மீனோடு வரும் பல கெட்ட நுண்ணங்கிகளை அடுப்பே தீர்த்துவிடும்.

1950ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் ஜப்பானின் ஒசாக்கா பகுதியில் 'ஷிராசு' என்ற உணவைச் சாப்பிட்ட 272 பேர் வயிற்றோட்டமும் வாந்தியுமாக விழுந்தார்கள். அவர்களில் 20 பேர் இறந்துபோனார்கள். ஷிராசு என்பது சிறு மீன்குஞ்சுகளை அவித்து அரைகுறையாகக் காயவைத்த உணவு. எங்கட நெத்தலியை நினைத்துக்கொண்டால் சரி. இதன் காரணத்தைத் தேடிய ஃபுஜினோ சுனெசபுரோ என்ற ஆய்வாளர், அதுவரை யாரும் அறியாத ஒரு பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். இன்று அதன் பெயர் விப்ரியோ பராஹிமொலிட்டிகஸ். கொலராவை உண்டாக்கும் விப்ரியோவின் உறவுக்காரன். கடல் நீரிலும் கழிமுகத்திலும் வாழ்வது. உப்பு இல்லாமல் வளராதது. வெப்பம் கூடக்கூடப் பெருகுவது. இறால், நண்டு, மட்டி, மீன் எல்லாவற்றோடும் அது கரைக்கு வரும்.

அதன் வேகந்தான் பயங்கரம். வசதியான சூடு கிடைத்தால் ஒன்று இரண்டாகப் பத்து நிமிடம் போதும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மணித்தியாலத்தில் ஒன்று 64 ஆகும். இரண்டு மணித்தியாலத்தில் 4,096. மூன்றாவது மணித்தியாலம் முடியும்போது இரண்டரை இலட்சத்தைத் தாண்டிவிடும். காலையில் வாங்கிய இறாலை மத்தியானம்வரை வெளியில் வைப்பதன் பொருள் இதுதான்.

ஆனால் இந்த எதிரிக்கு நெருப்பென்றால் பயம். நன்றாகக் கொதித்த ஆணத்தில் அது உயிரோடு இருக்காது. வீட்டுக்குள் அது தப்பிப் பிழைக்கும் வழி வேறு. பச்சை மீன் வெட்டிய பலகையிலேயே, அதே கத்தியாலேயே சலாதுக்கு வெங்காயமும் வெள்ளரிக்காயும் வெட்டினால் அது நெருப்பைச் சந்திக்காமலே எங்கட வாய்க்கு வந்து சேரும். ஆகவே விப்ரியோவின் விடயத்தில் 'நல்லா வேக வை, பலகையைக் கழுவு' என்ற பழைய புத்தி முழுக்கச் சரி.

எங்கள் வீட்டுக் கட்லட்டில் இருந்தது இந்த எதிரி இல்லை.

நெருப்பு கொல்ல முடியாத எதிரி

சூரை, பலயா, கெலவல்லா, கும்பளா, சூடை போன்ற மீன்களின் சதை சிவந்தும் கறுத்தும் இருக்கும். ஓயாமல் நீந்தும் மீன்கள் இவை. இவற்றின் தசையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஏராளமாக இருக்கிறது. அது நஞ்சில்லை, உடலுக்குத் தேவையான சத்து. மீன் உயிரோடு இருக்கும்வரை ஒரு பிரச்சினையும் கிடையாது.

மீன் செத்ததும் கதை மாறுகிறது. அதன் செவுளிலும் குடலிலும் வழமையாகவே சில பற்றீரியாக்கள் குடியிருக்கின்றன. மீன் தொட்ட படகுத் தட்டு, கூடை, கை, பலகை எல்லாவற்றிலும் இருந்தும் புதிதாகச் சில ஒட்டிக்கொள்கின்றன. இவற்றில் மோர்கனெல்லா மோர்கனி என்பது முக்கியமான ஒன்று. ஹிஸ்டிடினை ஹிஸ்டமினாக மாற்றும் நொதியம் அதனிடம் இருக்கிறது. சூடு இருந்தால் வேலை வெகு வேகமாக நடக்கும். மாவைப் புளிக்க வைக்கும் நுண்ணங்கிக்கு எங்கட அடுக்களைச் சூடு எவ்வளவு வசதியோ, மீனில் ஹிஸ்டமின் செய்யும் நுண்ணங்கிக்கும் அது அவ்வளவு வசதி.

இங்கேதான் உம்மாவின் கேள்விக்கு விடை கிடக்கிறது. அடுப்பில் வைத்தால் பற்றீரியா சாகும். அதன் நொதியமும் செயலிழக்கும். ஆனால் அது ஏற்கெனவே செய்து வைத்துவிட்டுப்போன ஹிஸ்டமின் சாகாது. சாவதற்கு அது உயிருள்ள பொருளா? ஓர் இரசாயனம். அவித்தாலும் பொரித்தாலும் புகையூட்டினாலும் உறைய வைத்தாலும் அப்படியே இருக்கும். கள்வனைப் பிடித்துவிட்டோம், ஆனால் அவன் கிணற்றில் போட்ட நஞ்சு கிணற்றிலேயே கிடக்கிறது என்ற மாதிரித்தான்.

டின் மீன் தொழிற்சாலையில் மீனை எவ்வளவு கடும் சூட்டில் அவிப்பார்கள் என்று நினைத்துப் பாருங்கள். நீர் கொதிக்கும் 100 பாகையைத் தாண்டிய சூட்டில், அழுத்தத்தில் வைத்துத்தான் டின்னுக்குள் கிருமி நீக்கம் செய்வார்கள். அப்படி அடைக்கப்பட்ட சூரை மீனைச் சாப்பிட்டு 1973இல் அமெரிக்காவில் 232 பேர் ஹிஸ்டமின் நஞ்சேற்றத்துக்கு ஆளானார்கள். அந்த டின்களுக்குள் உயிருள்ள பற்றீரியா தேவைப்படவில்லை. டின்னில் அடைக்க முன்பே மீன் கெட்டிருந்தது, அவ்வளவுதான். தொழிற்சாலையின் கொதிகலனால் முடியாததை உம்மாவின் எண்ணெய்ச் சட்டி எப்படிச் செய்யும்?

மாசிக்கும் கருவாட்டுக்கும் இதே நியாயம் பொருந்தும். உப்பும் வெயிலும் புகையும் புதிதாக ஹிஸ்டமின் உண்டாவதைத் தடுக்க உதவும். ஆனால் மாசி போட எடுத்த பலயா அதற்கு முன்பே வெயிலில் கிடந்ததென்றால், அந்த ஹிஸ்டமின் மாசியோடு சம்பலுக்குள்ளும் வரும்.

ஏன் அலர்ஜி மாதிரித் தெரிகிறது?

எங்கட உடம்பும் ஹிஸ்டமினைச் செய்கிறது. உண்மையான ஒவ்வாமை வரும்போது, உடம்பின் காவல் கலங்கள் ஆபத்தில்லாத ஒரு பொருளை எதிரி என்று பிழையாக நினைத்து, தம்மிடம் உள்ள ஹிஸ்டமினைக் கொட்டுகின்றன. அதனால்தான் தோல் சிவக்கிறது, தடிக்கிறது, அரிக்கிறது. கெட்ட சூரையைச் சாப்பிடும்போது உடம்பு எதையும் கொட்டவில்லை; ஹிஸ்டமின் மீனோடு ஆயத்தமாக வந்து சேருகிறது. முடிவு மட்டும் ஒன்றுபோல இருக்கிறது. முகம், கழுத்துச் சிவத்தல், தலையிடி, நெஞ்சுப் படபடப்பு, வாயைச் சுற்றி எரிவு, சிலருக்கு வாந்தி, வயிற்றோட்டம். சாப்பிட்டுச் சில நிமிடங்களிலோ ஒன்றிரண்டு மணித்தியாலத்துக்குள்ளோ தொடங்கும். பெரும்பாலும் ஓரிரு நாட்களுக்குள் தானாகவே அடங்கிவிடும். இரண்டுக்கும் எதிர்-ஹிஸ்டமின் மருந்துதான் கேட்கும் என்பதால் குழப்பம் இன்னும் கூடுகிறது.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 'இந்தப் பிள்ளைக்கு மீன் கூடாது' என்று ஒரு தடவை முத்திரை குத்திவிட்டால், கடற்கரை ஊரில் பிறந்த பிள்ளை காலமெல்லாம் மீன் இல்லாமல் வளரும். குற்றம் மீனைக் கையாண்ட விதத்தில் இருக்க, பழி பிள்ளையின் உடம்பில் விழுகிறது. அந்த இளம் வைத்தியர் மூன்று கேள்வி கேட்டாரே, அவற்றின் பெறுமதி எனக்குப் பிறகுதான் விளங்கியது. என்ன மீன் என்பதும், ஒரே உணவைச் சாப்பிட்ட எத்தனை பேருக்கு வந்தது என்பதும், அதே மீனை முன்னர் சாப்பிட்டபோது ஏதும் நடந்ததா என்பதுந்தான் இரண்டையும் பிரித்துக் காட்டும்.

மூக்கு ஏமாறும் இடம்

தமிழாசிரியன் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் போக முடியவில்லை. கெட்ட மீனுக்கு எங்கட மொழியில் உள்ள சொற்களைப் பாருங்கள். நாறின மீன், வீச்சமடிக்கிற மீன், ஊளை மீன். சங்கச் செய்யுள்களில் மீன் நாற்றத்துக்கென்றே 'புலவு' என்ற சொல் இருக்கிறது. எல்லாம் மூக்கின் சொற்கள். ஈராயிரம் வருடங்களாக நாங்கள் மீனை மூக்கால்தான் விசாரித்து வந்திருக்கிறோம்.

ஹிஸ்டமினுக்கு மணம் இல்லை. நிறமும் இல்லை. நாறுவதற்கு முன்பே மீனில் அது கூடியிருக்கலாம். சிலருக்கு நாக்கில் மிளகு பட்டதுபோல ஒரு சுரீர் தெரியும். பலருக்கு அதுவும் தெரியாது. அன்று கட்லட்டில் மிளகும் பச்சை மிளகாயும் இருந்தன. தெரிந்திருந்தாலும் உம்மாவின் கைப்பக்குவம் என்றுதான் நினைத்திருப்பேன். அதோடு, ஒரே மீனுக்குள் எல்லா இடத்திலும் அது ஒரே அளவில் இருப்பதில்லை. ஒரே சட்டி ஆணத்தில் ஒரு துண்டைச் சாப்பிட்டவர் வைத்தியசாலையிலும் மற்றத் துண்டைச் சாப்பிட்டவர் வீட்டில் நிம்மதியாகவும் இருக்கலாம். 'நானும் அதைத்தானே சாப்பிட்டன், எனக்கு ஒண்டுமில்லயே' என்ற வாதம் அதனால் செல்லாது.

அளவுகள் என்ன சொல்கின்றன?

2012இல் ஐக்கிய நாடுகளின் உணவு விவசாய நிறுவனமும் உலக சுகாதார நிறுவனமும் கூட்டிய நிபுணர் குழு, சுகதேகியான ஒருவர் ஒரு வேளையில் 50 மில்லிகிராம் ஹிஸ்டமின்வரை எடுத்தால் தீங்கு தெரியாது என்று கணித்தது. ஒருவர் ஒரு வேளையில் 250 கிராம் மீன் சாப்பிடுவார் என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோ மீனில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்றாகிறது. நன்றாகப் பேணிய புது மீனில் கிலோவுக்கு 10 மில்லிகிராம்கூட இராது. நோயை உண்டாக்கும் மீனில் அது 500ஐத் தாண்டி, சிலவேளை ஆயிரக் கணக்கிலும் போகும்.

ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் போகும் சூரையின் ஒரு தொகுதியில் இருந்து 9 மாதிரிகள் எடுப்பார்கள். சராசரி 100 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. இரண்டு மாதிரிகள் மாத்திரம் 100க்கும் 200க்கும் இடையில் இருக்கலாம். ஒன்றுகூட 200ஐத் தாண்டக்கூடாது. எங்கட கடலில் பிடித்து வெளிநாட்டுக்கு அனுப்பும் சூரைக்கும் இந்தச் சட்டம்தான். எங்கட ஊர்ச் சந்தைப் பலகையில் கிடக்கிற சூரையில் யாரும் ஒன்பது துண்டு வெட்டிப் பரிசோதித்ததை நான் ஒருநாளும் கண்டதில்லை. அங்கே பரிசோதகர் நாங்கள்தான். கருவி எங்கட மூக்கு. அந்தக் கருவியின் இலட்சணத்தை மேலே சொல்லிவிட்டேன்.

காசநோய்க் குளிசையும் சூரையும்

தேடிப் படித்ததில் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது எங்கட நாட்டு ஆய்வொன்று. டொக்டர் சி. ஜி. உரகொட நெஞ்சு நோய் வைத்தியராக இருந்தவர்; இலங்கையின் மருத்துவ வரலாற்றை எழுதியவரும் அவரே. அவரும் மருந்தியல் பேராசிரியர் எஸ். ஆர். கொத்தேகொடவும் சேர்ந்து 1977இல் 'டியூபர்க்கிள்' என்ற மருத்துவ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். காசநோய்க்கு ஐசோனியாசிட் குளிசை எடுப்பவர்கள் ஹிஸ்டமின் கூடிய மீனைச் சாப்பிடும்போது ஏற்படும் பாதிப்பைப் பற்றியது அது. 1980இல் சூரை மீனையும் காசநோயாளரையும் பற்றி உரகொட மீண்டும் எழுதினார்.

காரணம் இதுதான். எங்கட குடலில் ஒரு காவற்காரன் இருக்கிறான். உணவோடு வரும் ஹிஸ்டமினைச் சிதைத்து, இரத்தத்துக்குள் போகவிடாமல் தடுக்கும் நொதியம் அது. ஐசோனியாசிட் அந்தக் காவற்காரனின் கையைக் கட்டிப்போடுகிறது. மற்றவர்கள் தாங்கிக்கொள்ளும் அளவு ஹிஸ்டமின்கூட அந்த நோயாளியைப் படுத்திவிடும். ஐசோனியாசிட் இன்றும் காசநோய்ச் சிகிச்சையின் முதல் வரிசை மருந்து. ஆறு மாதம் எடுக்க வேண்டியது. நோயாளி மெலிந்துவிட்டாரே, சத்து வேண்டுமே என்று வீட்டார் மீனை அள்ளிப் போடும் ஆறு மாதமும் அதுதான். முகம் சிவந்து தலை இடித்தால் குளிசையில் பழியைப் போட்டு நிறுத்திவிடும் ஆபத்தும் இருக்கிறது. காசநோய்க் குளிசையை இடையில் நிறுத்துவது மீனைவிடப் பெரிய ஆபத்து. அப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ அயலிலோ இருந்தால் இதைச் சொல்லிவையுங்கள். குளிசையை நிறுத்த வேண்டாம். என்ன மீன் சாப்பிடலாம் என்பதை வைத்தியரிடம் கேட்கட்டும். ஆஸ்துமா, இருதய நோய் உள்ளவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

ஆறு மணித்தியாலம்

நெருப்பால் முடியாது என்றால் எதனால் முடியும்? ஐஸால் முடியும். ஹிஸ்டமின் உண்டான பிறகு அதை அழிக்க வழியில்லை. உண்டாகாமல் தடுக்கத்தான் வழி. அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் தன் வழிகாட்டியில் நேரக் கணக்கு வைத்திருக்கிறது. காற்றோ நீரோ 28.3 பாகை செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால், மீன் இறந்து 6 மணித்தியாலத்துக்குள் அது ஐஸில் இருக்க வேண்டும். எங்கட கடல் நீரின் சூடு வருடத்தின் பெரும்பகுதியில் அந்த எல்லையை ஒட்டியோ தாண்டியோதான் இருக்கிறது. ஆகவே இந்தக் கடும் கணக்குத்தான் எங்களுக்கும்.

கணக்கு தொடங்கும் இடத்தைக் கவனியுங்கள். மீன் சந்தைக்கு வந்த நேரத்தில் இருந்து இல்லை. இறந்த நேரத்தில் இருந்து. வலையிலோ தூண்டிலிலோ அகப்பட்ட சூரை, படகில் ஏறுமுன்பே கடலுக்குள் செத்துக் கிடக்கலாம். வாழைச்சேனையில் இருந்து போகும் பலநாள் படகுகள் வாரக் கணக்கில் கடலில் நிற்கும். ஐஸ் குறைந்துபோன படகின் அடியில் கிடந்த மீன், கரையில் இறக்கி, ஏலம் போட்டு, லொறியில் ஏறி, ரெஜிபோம் பெட்டிக்குள் மாறி, மோட்டார் சைக்கிளில் எங்கட தெருவுக்கு வரும். இத்தனை கைகளில் ஒரு கை ஐஸை மறந்தால் போதும்.

அன்று எங்கள் வீட்டு மீனில் ஐஸை மறந்த கை எது? இதை எழுத எனக்கு வெட்கம்தான். ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

நோன்புக்கு வைத்துக்கொள்ளலாமென்று மார்ச் கடைசிச் சனிக்கிழமை காலையில் அந்தச் சூரையை வாங்கியது நான். வாங்கிய மீனைச் சொப்பிங் பையில் போட்டு மோட்டார் சைக்கிள் கைபிடியில் கொழுவிக்கொண்டு வரும்போது, பெற்றோல் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டு வரிசையில் நின்றுவிட்டேன். மூன்று மணித்தியாலத்துக்கு மேல் நின்றேன். நல்ல வெயில். மீன் பையிலேயே தொங்கியது. மத்தியானம் வீட்டுக்கு வந்து உம்மாவிடம் கொடுத்தேன். அவர் துப்புரவாக்கி உறைபெட்டியில் வைத்தார். பிறகு மின்வெட்டில் உறைந்தது இளகியது. கரண்ட் வந்ததும் மறுபடி உறைந்தது. உறைய வைத்தால் பற்றீரியா வளராது, ஆனால் அதன் நொதியம் தப்பிப் பிழைத்திருக்கும். இளகினதும் வேலையைத் தொடங்கிவிடும்.

படகிலா, சந்தையிலா, என் கைபிடியிலா, மின்வெட்டிலா, எங்கே கூடியது என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எங்கே கூடவில்லை என்று சொல்லலாம். உம்மாவின் சட்டியில் கூடவில்லை. எங்கட வீடுகளில் மீன் வாங்குவது ஆண்கள், ஆக்குவது பெண்கள். இந்த நஞ்சு உண்டாவது பெரும்பாலும் ஆண்களின் பாதியில். பழி விழுவது மற்றப் பாதியில்.

நாங்கள் செய்யக்கூடியது

சந்தைக்குப் போனால் மற்றச் சாமான்களை முதலில் வாங்கி, மீனைக் கடைசியாக வாங்குங்கள். கண் பளபளப்பு, செவுளின் சிவப்பு, சதையின் இறுக்கம் எல்லாம் பார்க்கத்தான் வேண்டும். அவற்றோடு மீனைத் தொட்டுக் குளிர் இருக்கிறதா என்றும் பாருங்கள். சூரை வகையைச் சூடான பலகையில் பார்த்தால், எவ்வளவு மலிவென்றாலும் விட்டுவிடுங்கள். சந்தையில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டுப் பார்த்ததும், மேலே காய்ந்தும் உள்ளே ஈரமாகவும் இருந்ததைக் கண்டித்ததும் நாங்கள் சின்ன வயதில் ஓதிய செய்திதான். பெட்டியின் மேல்தட்டு மீனைப் பார்த்துவிட்டு அடித்தட்டு மீனை வாங்கும்போது அது ஞாபகத்துக்கு வர வேண்டும். கோழி வாங்கும்போது எத்தனை விசாரணை வைக்கிறோம்! மீனுக்கு அறுப்பு இல்லை என்பதால் ஒரு கேள்வியும் இல்லாமல் வாங்கி வந்துவிடுகிறோம்.

மீன் விற்கும் சகோதரர்களுக்கும் ஒரு வார்த்தை. மீனின் எடைக்குச் சமமான எடை ஐஸ் வேண்டும் என்பதுதான் எங்களைப் போன்ற வெப்ப நாடுகளுக்குச் சொல்லப்படும் கணக்கு. ஐஸ் விலை கூடத்தான். ஆனால் ஐஸில் மிச்சம் பிடிக்கும் காசு வேறொருவருடைய பிள்ளையின் உடம்பில் இருந்து எடுக்கும் காசு.

வாங்கியதும் நேரே வீட்டுக்கு. கொஞ்சத் தூரம் என்றாலும் ஒரு பெட்டியில் ஐஸ் துண்டு போட்டுக் கொண்டுவாருங்கள். வந்த உடனே செவுளையும் குடலையும் நீக்கிக் கழுவிக் குளிரில் வையுங்கள். உப்பு, மஞ்சள் பூசி வெளியில் 'ஊற' வைக்கும் பழக்கத்தைச் சூரைக்கு விட்டுவிடுங்கள். ஊறட்டும், பிரிஜுக்குள் ஊறட்டும். குளிரிலும் மெதுவாக வேலை செய்யும் சில பற்றீரியாக்கள் இருக்கின்றன என்பதால், உறைய வைக்காத சூரையை நாட்கணக்கில் பிரிஜில் வைத்திருக்கவும் வேண்டாம். உறைந்த மீனைப் பிரிஜின் கீழ்த்தட்டில் வைத்து இளக்குங்கள். இளகிச் சூடேறிய மீனை மறுபடி உறைய வைக்காதீர்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் யாருக்காவது அப்படி வந்துவிட்டால் வைத்தியசாலைக்குப் போங்கள். மூச்சு முட்டினாலோ தலை சுற்றி விழுந்தாலோ ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். என்ன மீன், எப்போது வாங்கியது, எத்தனை பேர் சாப்பிட்டது என்று வைத்தியரிடம் சொல்லுங்கள். மிஞ்சிய மீனை வீசாமல் உறைபெட்டியில் தனியாக வைத்து, பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கு அறிவியுங்கள். 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டம் அவருக்கு உணவு மாதிரி எடுக்கும் அதிகாரத்தைக் கொடுத்திருக்கிறது. நாங்கள் மீனைக் கொட்டிவிட்டு 'அலர்ஜி' என்று வீட்டுக்குப் போனால், அதே பெட்டியில் மிஞ்சிய மீன் இன்னொரு வீட்டுக்குப் போகும்.

இதையெல்லாம் விளங்கிக்கொண்ட பிறகு ஒருநாள் உம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, ஹிஸ்டமின், நொதியம் என்ற பெயரெல்லாம் இல்லாமல், வெயிலில் தொங்கிய பையில் இருந்து தொடங்கிச் சொன்னேன். முடிவில், "நீங்க நல்லாத்தான் உம்மா பொரிச்சீங்க. பிழை எனக்கிட்ட" என்றேன். உம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "அத அண்டைக்கே மாமிமாருக்கிட்ட சொல்லியிருக்கலாமே மகன்" என்றார்.

சொல்லவில்லை. அதனால்தான் இப்போது எல்லோருக்குமாக எழுதுகிறேன். உம்மா மறுபடியும் கட்லட் செய்கிறார். மகள் பழையபடி நான்கு சாப்பிடுகிறாள். நான் மீன் வாங்கப் புறப்பட்டால் உம்மா படலைவரை வந்து, ஐஸ் பெட்டியை எடுத்தேனா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போவார்.